அருவிக்கு ஒரு நாள்

“ஆறு மணிக்குக் கிளம்பினாத்தான் கூட்டத்துக்கு முன்னாடி அருவிக்குப் போய்ச் சேர முடியும்” என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தபோது, மகள் ஈரத்துணியால் அம்மாவின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை படும் இடமெல்லாம் எலும்பாக இருந்தது.

“ஆறு மணிக்கு நீ எழுந்துட்டாலும்!” என்றான் அவள் கணவன்.

“நான் தினமும் ஸ்கூல் வேன் ஓட்டுறவன் மாமா. உங்களத்தான் கிரேன் வச்சுத் தூக்கணும்.”

அம்மா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

அம்மா காலமெல்லாம் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவள். ஒரு வருடம் அங்கே அச்சான காலண்டரில் ஒரு தேசியப் பூங்காவின் அருவிப் படம் வந்தது. ஆயிரக்கணக்கான அருவிகளை அடுக்கித் தகரப் பட்டை அடித்தவளுக்கு, அதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அன்று தொடங்கியது திட்டம். ஒரு தடவை பரீட்சை, ஒரு தடவை காய்ச்சல், ஒரு தடவை வேன் மக்கர் செய்தது. போனபாடில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு எழுந்தால் திட்டம் போடாமல் இருக்க மாட்டார்கள். பேசியே வயிறு நிறைகிற குடும்பம்.

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. ஆண்கள் இருவரும் முன்பைவிடச் சத்தமாகவே பேசினார்கள். மகளுக்கு இது பிடிக்கவில்லை. அவள் வெட்டு ஒன்று துண்டு இரண்டு ரகம். பயமாக இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்க வேண்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் சொல்லாமல் அனுப்பிவிட்டால், பிறகு யாரிடம் போய்ச் சொல்வது?

“போகப்போற உயிர்கிட்ட இன்னும் எத்தன நாளைக்குடா பொய் சொல்லுவீங்க?” என்று சமையலறையில் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“உண்மையச் சொன்னா மட்டும் எழுந்து உக்காந்துருவாங்களா? விடுக்கா” என்றான். அவன் குரல் உடைந்துபோயிருந்தது.

அவள் விடவில்லை. இருவரையும் ஹாலுக்கு விரட்டிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

அதோடு நிறுத்திவிட்டு, போர்வையின் ஓரத்தை இழுத்து மடித்துவிட்டாள். வாய்ச்சொல்லில் வீரி என்று வீட்டில் எல்லோரும் அவளைக் கேலி செய்வது சும்மா இல்லை.

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, “அங்க படி நிறைய இருக்குமாமே?” என்று கேட்டாள்.

“இருக்கும்மா.”

“அப்ப நான் வரல. வண்டியிலயே இருக்கேன். நீங்க மூணு பேரும் போயி நிதானமாப் பாருங்க.”

“தனியா... பயமா இருக்காதாம்மா?”

“எனக்கென்ன பயம்? நல்லா கால நீட்டிப் படுத்துக்குவேன்.” மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். “நீதான் நாலு படிக்கு ஒருதரம் திரும்பிப் பாப்ப. பாக்காத. போ.”

மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்பதே தலைகீழாகிவிட்டது. அடக்கிக்கொண்டு, “சரிம்மா. கண்ணாடிய இறக்கி வச்சுட்டுப் போறேன், காத்து வரட்டும்” என்றாள்.

“ம்” என்றாள் அம்மா. அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

பிறகு தூங்கினாள். மூச்சு நீண்டு, விட்டுவிட்டு வந்து, ஒரு கட்டத்தில் வரவில்லை. மகள் மூக்கின் அருகே விரலை வைத்துப் பார்த்தாள். மறுபடியும் வைத்துப் பார்த்தாள். விலகியிருந்த சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

“முன் சீட்டு எனக்குத்தான், எனக்குக் கால் நீளம்” என்று ஹாலில் கணவனின் குரல் கேட்டது.

“அதெல்லாம் கிடையாது மாமா. அம்மாவுக்குத்தான் முன் சீட்டு.”

“சரிப்பா, அத்தைக்கே.”

கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடவில்லை. அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.