அயிரையின் முறை

...காவிரிக்காக எத்தனையோ வருஷமாய் எத்தனையோ பேர் உட்கார்ந்து பேசியும் முடியாததைத் தான் ஒற்றைத் தாளில் முடித்துவிட்டோம் என்பதில் பஞ்சநதத்துக்குக் கடுகளவும் சந்தேகமில்லை, இனி உலகத்தில் எந்த இரண்டு செஸ் புரோகிராம் மோதினாலும் தஞ்சாவூரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மோத வேண்டும், ஒரே கம்ப்யூட்டர், ஒரே அளவு நேரம், ஒரே தொடக்கம், வெள்ளையும் கறுப்பும் மாற்றி மாற்றி, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கடைசி விதி, ஒன்று யோசிக்கும்போது மற்றது தூங்க வேண்டும், இரண்டும் குடிப்பது ஒரே வாய்க்கால் அல்லவா, இவன் முறையில் அவன் மடை திறந்து கிடந்தால் இவன் வயலுக்கு என்ன மிஞ்சும்... ஆகவே தன் நகர்வு முடிந்ததும் அவரவர் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தன் புரோகிராமை நிறுத்திவிட வேண்டும். "முறைன்னா முறை" என்று அவன் அறிவித்தபோது எதிர்ப் புரோகிராமை எழுதிய சஃபியா சிரித்தாள், அதிராம்பட்டினத்துக்காரி, கடலோரம், அவளுக்கு மடையும் முறையும் எங்கே தெரியப்போகிறது.

தெரிந்தவர் அவன் அப்பா தங்கையன். முறைத்தண்ணீர் விடும் நாளில், தன் முறை முடிந்ததும், கரைவேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தன் மடையைத் தானே அடைக்க வருவார், களிமண்ணைக் குதிகாலால் ஊரறிய மிதிப்பார், கட்டைவிரல் பக்கம் மட்டும் மிதிக்க மாட்டார், கண் கீழே போகாது, அடுத்த முறைக்காரர் முகத்திலேயே இருக்கும், "என்ன வைத்தியலிங்கம், பாப்பாவுக்குக் காய்ச்சல் தேவலையா?" வைத்தியலிங்கம் உருகிப்போவார், அவர் தண்ணீரும் அந்த மிதிக்காத இடுக்கு வழியே சத்தமில்லாமல் இந்தப் பக்கம் வந்துவிடும்... இதைத்தான் போன வருஷம் 'கட்டைவிரல் நீதிமன்றம்' என்று கல்லூரி மலரில் எழுதினான், ஹாஸ்டலே சிரித்தது, அப்பாவும் யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எழுதுடா, நல்லா எழுது, படிப்பு முடிஞ்சதும் நீயே வந்து மடைல நில்லு" என்றார். அது கிண்டல் இல்லை. எரிவாயுக்காரர்கள் பாதி வயலில் கல் நட்டுவிட்டுப் போனதிலிருந்து அவர் கலெக்டர் ஆபீசே கதியென்று அலைகிறார், மடையில் நிற்க ஆள் வேண்டும். தப்ப ஒரே வழி, இன்று ஜெயிக்கும் புரோகிராமை எழுதியவருக்குச் சென்னைக் கம்பெனியில் வேலை, தோற்றவருக்கு... சஃபியாவுக்கு என்னவோ, அவனுக்கு மடை.

கரண்ட் இல்லை, லேப் கம்ப்யூட்டர்கள் எல்லாம் செத்துக் கிடந்தன, அரசு கொடுத்த அவனுடைய லேப்டாப் ஒன்றுதான் உயிரோடு, அட்டெண்டர் ரெத்தினம் வழக்கம்போல வெளியே பூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போயிருந்தார், ஃபேன் ஓடாத அறையில் சட்டை முதுகோடு ஒட்டியது. ஆட்டங்கள் சமம், இது கடைசி. அவனுடைய புரோகிராம் பெருவுடையான் தன் காய்களே வழியை அடைத்த மூலையில் ராஜாவை வைத்துக்கொண்டு இப்போதுதான் நகர்த்தியிருந்தது, வெளியே வர இடமில்லை, பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம்கூட இல்லை, இனி சஃபியாவின் புரோகிராம் அயிரைக்கு முறை. முழு முறை கிடைத்தால் அந்த ராஜாவை முடிக்கும் நகர்வை அயிரை கண்டுபிடித்துவிடும். பாதி கிடைத்தால்... பாதி என்றால் என்ன பாதி, யார் அளந்தார்கள், விதியை எழுதியவனுக்கே அதில் சந்தேகம் வரக்கூடாதா என்ன?

"உன்னோடத நிறுத்திட்டியா?" தாளால் விசிறிக்கொண்டே சஃபியா கேட்டாள்.

"ம்... ஆமா, உங்க வாப்பாவுக்கு முழங்கால் வலின்னியே, இப்ப தேவலையா?"

அவள் முகம் மலர்ந்தது. "பரவால்லடா, பள்ளிவாசல் வரைக்கும் நடந்து போறாங்க. உனக்கு ஞாபகம் இருக்கே!" அவள் அயிரையைத் தட்டிவிட்டாள், லேப்டாப் இரண்டு பேர் மூச்சுக்கு இரைந்தது, அவன் கட்டைவிரல் ஸ்பேஸ் பாரின் மேல்தான் இருந்தது, படுத்தாற்போல், கனமே இல்லாமல், அவன் கண் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை... அப்பா ஒருநாளும் மண்ணை எடுத்ததில்லையே, மிதிக்காமல் விடுவார், அவ்வளவுதான்... இந்த முழங்காலைப் பற்றி அவனுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அப்படியானால் அப்பா கேட்டாரே, அந்தக் காய்ச்சல்...