சார்மி வீட்டு ஆண் சலாக்

ஆற்று மணலைக் கூடையில் சுமந்து லாரியில் கொட்டுகிறவள் சார்மி. மெராபி எரிமலைச் சரிவில் ஊரெல்லாம் சலாக் தோப்பு, பாம்புத்தோல் போட்ட பழம் காய்க்கிற குட்டை முள்பனை; அவளுக்குக் கொல்லையில் ஒற்றை மரம். தின்ற பழத்தின் கொட்டையை ஈரச்சாக்கில் முளைக்க வைத்து, உடைந்த வாளியில் வளர்த்து, மண்ணில் இறக்கியது. தோப்புக்காரர்கள் கொட்டை போடுவதில்லை. காய்க்கிற மரத்தின் பக்கக்கன்றைத்தான் பிரித்து நடுவார்கள். கொட்டையில் வந்தது ஆணா பெண்ணா என்று பூக்கும்வரை தெரியாது.

நாலாம் வருஷம் பூத்தது. ஆண்.

பக்கத்துத் தோப்புக்காரர் தார்மோ வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இம்புட்டு நாளா சோறு போட்டு மாப்பிள்ளையையா வளத்தே தாயி?"

"காய்க்காத முள்ளு எதுக்கு?" என்றான் புருஷன் பைஜோ. "ஞாயித்துக்கிழமை வெட்டிட்டுக் கோழிக்கூடு கட்டிடலாம்."

"தொட்டுப் பாரு. என் கையால வந்த உசுரு அது."

"நீ என்ன சொன்னாலும் வெட்டத்தான் போறேன்."

அந்த வாரமே தார்மோ தோப்பில் பெண்பூக்கள் சிவந்து விரிந்தன. ஆண்பூவை ஒடித்து அவற்றின்மேல் தட்டினால்தான் காய் பிடிக்கும். விரிந்த பூ ரெண்டு மூன்று நாளைக்குமேல் தாங்காது. இடத்தை அடைக்கிறதென்று தார்மோ தன் ஆண் மரங்களைப் போன வருஷமே வெட்டியிருந்தார், அடுத்த தோப்புக்காரன் வைத்திருப்பான் என்ற தைரியத்தில். அவனும் அதே தைரியத்தில் வெட்டியிருந்தான்.

விடிந்ததும் தார்மோ அரிவாளோடு வேலியோரம் வந்து நின்றார்.

"சார்மி, பூ கொஞ்சம் ஒடிச்சுக்கட்டுமா?"

"எதுல?"

"அதான்... உன் மரத்துல."

"மாப்பிள்ளைகிட்டயா?"

தார்மோ தலையைச் சொறிந்தார். "கேலி பண்ணது தப்புதான் தாயி. தோப்பே பாழாப் போயிரும்."

"அரிவாளைக் கீழ வைங்க. ஒடிக்கிறதும் நான்தான், தட்டுறதும் நான்தான்."

அன்று அவள் மணலுக்குப் போகவில்லை. முள் முழங்கையைக் கிழிக்கக் கிழிக்க, வரிசை வரிசையாகக் குனிந்து பூவைத் தட்டிக்கொண்டே போனாள். பைஜோ பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். தார்மோ தோப்பில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எந்தத் தோப்புப் பூ அக்கா?"

"தோப்பு இல்ல. எங்க வீட்டுக் கொல்லை. நான் கொட்டை போட்டு வளத்தது."

"ரொம்பப் பாடுபட்டு வளத்தோம்" என்றான் பைஜோ பின்னாலிருந்து.

சார்மி திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அடுத்த பூவுக்குக் கை நீட்டினாள்.