ஸீபர்ட்டின் கழுத்து

கண்டியில் ஒரு வாத்தியக் கடைக்குப் புது ஸீபர்ட் வந்திறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்ட சனிக்கிழமையே நல்லையாவும் மர்சூக்கும் பஸ் ஏறிவிட்டார்கள். அது அறுபத்தெட்டாம் வருஷம். இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு ஸீபர்ட் ஏற்கெனவே இருந்தது. ஜப்பான்காரன் செய்த மின்சாரக் கித்தார். நல்லையா உக்குவளைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் பேக்டரி ரோலரில் வேலை செய்தான். மர்சூக்குக்கு மாத்தளை டவுனில் ரேடியோ திருத்தும் கடை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். கல்யாண வீடு, கோயில் திருவிழா, தோட்டத்துக் கிளப் என்று எங்கே கூப்பிட்டாலும் போவார்கள்.

கடைக்குள் நுழைந்தபோது முன்னமே ஐந்தாறு கித்தார்காரர்கள் நின்றிருந்தார்கள். கண்டியில் ஹோட்டல்களில் வாசிக்கிறவர்கள். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி மேசையைச் சுற்றி நின்றார்கள். மேசையில் புது ஸீபர்ட் கிடந்தது.

பழையதில் உடம்பு ஒரே பலகையில் கடைந்தது, தூக்கினால் தோள் இறங்கும். கழுத்து, அதாவது விரல் ஓடுகிற நீண்ட பகுதி, பின்பக்கம் நன்றாகத் திரண்டு உள்ளங்கையை நிறைக்கும். ஸ்விட்சுகள் எல்லாம் உருக்கு. புதியதில் உடம்பு இலேசு, ஸ்விட்ச் வெள்ளை பிளாஸ்டிக், தலை வேறு தினுசாக வளைந்திருந்தது. எல்லாவற்றையும்விடக் கழுத்துத்தான் அவர்களை உறுத்தியது. மெலிந்து, தட்டையாகி, ஆள் இளைத்துப்போன மாதிரி இருந்தது.

"ஏன் இப்பிடிச் செஞ்சான்?" என்று ஒருவர் சிங்களத்தில் கேட்டார். கேள்வி யாருக்கு என்று அவருக்கே தெரியவில்லை.

"இப்ப பொடியன்களுக்கு இலேசா இருக்கணுமாம்" என்றார் கடைக்காரர். "பழைய மாடல் இனி வராது. நிப்பாட்டிட்டாங்க."

மர்சூக் அதைக் கையில் எடுத்து ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, "கெடுத்துட்டான் மச்சான்" என்று நல்லையாவிடம் நீட்டினான். நல்லையா வாங்கி இரண்டு நரம்பை மீட்டினான். சத்தம் எழுந்த வேகத்திலேயே அடங்கியது.

"இது கித்தாரா? அகப்பைக் காம்பு" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அன்று அந்தக் கடையில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான். அந்தப் பேச்சு கண்டியிலிருந்து மாத்தளை வரைக்கும் பரவி, புது ஸீபர்ட்டுக்கு அகப்பை என்றே பேராகிவிட்டது.

அந்த அகப்பையை முத்துவீரன் வாங்கினான். நல்லையாவின் தோட்டத்திலேயே றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன், நல்லையாவுக்கு நாலைந்து வயது இளையவன். குழுவில் சாதாரண மரக் கித்தாரை வைத்துக்கொண்டு பின்னால் நின்று ரிதம் வாசிப்பான். இரண்டு வருஷம் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்துத்தான் அவன் அதை வாங்கினான். பழைய மாடல் கிடைத்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பான், கிடைக்கவில்லை. கொண்டு வந்த அன்று ஒரு கல்யாண வீட்டுக் கச்சேரி. நல்லையா மேடையிலேயே சொல்லிவிட்டான்:

"இந்தப் பொம்மைய வெச்சிக்கிட்டு என் பக்கத்துல நிக்காத. அந்தத் திரைக்கு அங்கிட்டு போ."

முத்துவீரன் திரைக்குப் பின்னால் போய் நின்று வாசித்தான். அடுத்தடுத்த கச்சேரிகளிலும் யாரும் சொல்லாமலே அங்கேயே போய் நின்றுகொண்டான். நல்லையாவும் அதற்குமேல் அதைப்பற்றி யோசிக்கவில்லை.

எழுபதாம் வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள், உறைந்த றப்பர்ப் பாலை ஷீட்டாக உருட்டும் ரோலருக்குள் தள்ளிக்கொண்டிருந்தபோது ஷீட்டோடு சேர்ந்து நல்லையாவின் இடது கையும் உள்ளே போனது. பெல்ட்டை யாரோ தட்டிக் கழற்றி ரோலரை நிறுத்தியதால் விரல்கள் தப்பின. ஆனால் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் சதை கிழிந்து எலும்பு தெரிந்தது. ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பினார்கள். காயம் ஆறியபோது அந்த இடத்துத் தோல் தடித்துச் சுருங்கிப்போயிருந்தது. ஐந்து விரலும் மடங்கும், அசையும். கைதான் விரியாது. தண்ணீர்ச் செம்பைப் பிடிக்கக்கூட முடியவில்லை, அந்த இடைவெளி அத்தனை குறுகிவிட்டது.

கட்டு அவிழ்த்த வாரம் அவன் ஸீபர்ட்டை எடுத்து மடியில் வைத்தான். மனைவி சந்திரகாந்தா அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தைப் பிடிக்கப் போனான். கை ஏறவில்லை. பக்கவாட்டிலிருந்து, மேலிருந்து, கீழிருந்து என்று பார்த்தான். உள்ளங்கையை நிறைக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட அந்தத் திரட்சி இப்போது அவன் கைக்குள் நுழையவே மறுத்தது. அழுத்தித் தள்ளியபோது தையல் போட்ட இடம் வெடித்து இரத்தம் கசிந்தது.

"விடுங்க" என்றாள் சந்திரகாந்தா. "பழக்கத்துல சரியாகும்."

"ஆகாது" என்றான். கித்தாரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினான். அதற்குப்பிறகு எடுக்கவில்லை. தோட்டத்தில் அவனை ஷீட் காயவைக்கும் புகைக்கூட்டுக்கு மாற்றினார்கள். நெருப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும். கச்சேரி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான். மர்சூக் இரண்டு தரம் வீடுதேடி வந்தான். இரண்டு தரமும் சந்திரகாந்தாதான் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த வருஷம் முத்துவீரன் வீட்டுக்கு இந்தியா போகிற கடுதாசி வந்தது. பிரஜாவுரிமை இல்லாத தோட்டத்து ஆட்களை இரண்டு அரசாங்கமும் பேசி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. நல்லையாவின் அப்பா எப்படியோ இலங்கைப் பிரஜாவுரிமை எடுத்து வைத்திருந்தார். முத்துவீரனின் அப்பா எடுக்காமலே செத்துப்போனார். அவன், அவன் அம்மா சுந்தரம்மா, தங்கச்சி, மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டும். மூன்று பேரும் இந்தத் தோட்டத்தில் பிறந்தவர்கள். போகப்போகிற ஊரின் பேரைச் சுந்தரம்மாவுக்குச் சரியாகச் சொல்லக்கூட வரவில்லை.

செய்தி கேட்டு நல்லையா அவர்கள் லயத்து வீட்டுக்குப் போனான். வாசலில் சட்டி பானைகளைப் பரப்பி வைத்துச் சுந்தரம்மா எதைக் கொண்டுபோவது, எதை விடுவது என்று திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள் முத்துவீரன் ஸீபர்ட்டைப் பெட்சீட்டில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணே" என்று எழுந்தான்.

இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்தார்கள். எப்போது போகிறீர்கள், யார் கூட்டிப்போகிறார்கள் என்று கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்த நல்லையா, கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் அந்தக் கித்தாரை இழுத்து மடியில் வைத்தான். மூன்று வருஷத்தில் அதை அவன் தொட்டது கடையில் ஒரு தரம், இப்போது ஒரு தரம்.

கை ஏறியது.

அவன் முதலில் நம்பவில்லை. எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். மெலிந்த அந்தக் கழுத்து, சுருங்கிய இடைவெளிக்குள் பொருந்திப் போய் உட்கார்ந்தது. விரல்கள் தாமாகவே நரம்பைத் தேடின. கரண்ட் இல்லாத காம்பராவில் அந்தச் சத்தம் ஈ பறக்கிற மாதிரி மெல்லியதாகத்தான் கேட்டது. ஆனாலும் வெளியே சட்டி அடுக்கிக்கொண்டிருந்த சுந்தரம்மா கையை நிறுத்திவிட்டாள்.

நல்லையா குனிந்தபடியே வாசித்தான். வாசித்து முடிந்த பிறகும் தலை தூக்கவில்லை.

"நீங்களே வெச்சிக்கங்கண்ணே" என்றான் முத்துவீரன். "நெசமாத்தான் சொல்றேன்."

"பேய் புடிச்சிருக்கா உனக்கு? அங்க போயி எத வெச்சிப் பொழைப்ப? பால் வெட்ட மரமா இருக்கு அங்க?" நல்லையா கித்தாரை அவன் பக்கம் தள்ளினான். "ஒன்ன திரைக்குப் பின்னால நிறுத்துனேனே முத்துவீரா. இந்தச் சாமானுக்காக."

"அத விடுங்கண்ணே. எனக்குந்தான் பழைய மாடல்ல ஆச இருந்திச்சி."

அவன் மன்னித்துவிட்டானா என்று நல்லையாவுக்குத் தெரியவில்லை. "ஒரு துண்டு செம்புக் கம்பி இருக்குமா?" என்று மட்டும் கேட்டான். முத்துவீரன் எங்கேயோ தேடி எடுத்து வந்தான். நல்லையா அதைக் கித்தாரின் கழுத்துப் பின்பக்கமாக வைத்து அழுத்தி, வளைவை அப்படியே பிடித்தான். இன்னும் இரண்டு இடத்தில் அதேபோல் வளைத்தெடுத்துக் கடதாசியில் சுற்றி மடியில் செருகிக்கொண்டான்.

இத்ரூஸ் நானாவுக்கு மாத்தளையில் மேசை, கட்டில் என்று தளபாடம் செய்யும் பட்டறை. மர்சூக்கின் கடைக்கு நேரெதிரே. வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து அவர் பட்டறையைத் திறந்தபோது நல்லையா பெட்டியோடு நின்றிருந்தான். கம்பிகளைக் காட்டி, தன் ஸீபர்ட்டின் கழுத்தை இந்த அளவுக்குச் சீவித் தர வேண்டும் என்று சொன்னான். அவர் கித்தாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல மரம் தம்பி. இந்த வேல செஞ்சவன் லேசுப்பட்டவனில்ல. எனக்குக் கை வைக்கப் பயமாயிருக்கு. உள்ளுக்கு இரும்பு ஓடுதோ?"

"ஓடுது நானா. நடுவுல ஒரு கம்பி."

"அதுல பட்டா முடிஞ்சிச்சி. ஒட்ட ஏலாது."

"தெரியும். செய்யுங்க."

எதிர்க்கடையிலிருந்து மர்சூக் பார்த்துவிட்டான். சாலையைத் தாண்டி ஓடி வந்தான். விஷயம் தெரிந்ததும் அவன் முகம் வெளுத்தது.

"ஒனக்குப் பைத்தியமா மச்சான்? இந்தச் சாதி இனி ஒலகத்துலயே செய்யமாட்டான். இருக்கிறதும் ரெண்டோ மூணோ. நீதானே அண்டைக்கு அகப்பைன்னு சொன்ன? இப்ப இத அகப்பையா ஆக்கப் போறியா?"

"ஆமா."

"இத அப்பிடியே வெச்சிரு. ஒனக்குப் புதுசு ஒண்டு நான் தேடித் தாறேன்."

"எங்க தேடுவ? எறக்குமதி நிப்பாட்டிட்டாங்க. கண்டிக் கடையில நரம்புகூட இல்லன்னு நீதான் சொன்ன."

"இது கொலை" என்றான் மர்சூக். "நான் பாக்க மாட்டேன்." போய்க் கடைப் பலகையைப் பாதி இழுத்து மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டான்.

இத்ரூஸ் நானா பிஸ்மி சொல்லிச் சீவுளியை வைத்தார். முதல் சீவலிலேயே தேன் நிறத்து வார்னிஷ் சுருண்டு விழுந்தது. அடியில் வெள்ளை மரம் தெரிந்தது. நல்லையா தன் நெஞ்சையே யாரோ சீவுகிற மாதிரி நின்றிருந்தான். அந்த இடத்தில்தான் அவன் கை எத்தனையோ கச்சேரிகளில் வியர்த்து, அந்த வார்னிஷைப் பளபளப்பாக்கியிருந்தது. நாலு சீவலுக்கு ஒரு தரம் அவர் நிறுத்தி, "வெச்சிப் பாருங்க" என்பார். நல்லையா கையை வைப்பான். "இன்னங் கொஞ்சம்." மறுபடி சீவுவார். செம்புக் கம்பியை வைத்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். சீவுளியை விட்டு அரத்துக்கு மாறினார், அரத்தை விட்டு மண்தாளுக்கு மாறினார். கடைசியில் கழுத்தைக் காதோடு வைத்து விரலால் தட்டிப் பார்த்தார்.

"இதுக்கு மேல போனா இரும்பு தம்பி. அல்லாஹ் காப்பாத்தினான். இவ்வளவுதான்."

நல்லையா வைத்துப் பார்த்தான். முத்துவீரனுடையது மாதிரி முழுசாகப் பொருந்தவில்லை. தழும்பு கொஞ்சம் இழுத்தது. ஆனால் கை ஏறியது. விரல்கள் நரம்பைத் தொட்டன. அவன் அங்கேயே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டான்.

முத்துவீரன் வீட்டார் புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தோட்டத்துக் கோயில் முன்னால் ஒரு கச்சேரி வைப்பதாகப் பேச்சு. பேக்டரியிலிருந்து வயர் இழுக்கத் தோட்டத்துத் துரை சம்மதித்தார். ஆம்ப்ளிபயர் மர்சூக்கிடம்தான் இருந்தது. அவன் வருவானா என்று யாருக்கும் தெரியவில்லை. நாலு மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. மர்சூக் ஆம்ப்ளிபயரை இறக்கினான், தன் ஸீபர்ட்டை இறக்கினான், நல்லையாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

முத்துவீரன் பழக்கத்தில் பின்னால் போய் நின்றான். நல்லையா போய் அவன் தோளைப் பிடித்துக் கூட்டி வந்து தன் பக்கத்தில் நிறுத்தினான்.

வாசிக்கத் தொடங்கிய உடனேயே நல்லையாவுக்கு விளங்கிவிட்டது. பழைய சத்தம் போய்விட்டது. முன்பெல்லாம் ஒரு நரம்பைத் தட்டிவிட்டு அது தானாக நீண்டு போவதைக் கேட்டுக்கொண்டு நிற்கலாம். இப்போது அது சீக்கிரம் சாய்ந்தது. ஒரு பாட்டு முழுக்க அவன் அந்தக் குறையைத் துரத்திக்கொண்டே வாசித்தான். வேர்த்துக் கொட்டியது. இரண்டாவது பாட்டில் துரத்துவதை விட்டுவிட்டான். நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டாமல், சின்னச் சின்னதாக, பேசுகிற மாதிரி வாசித்தான். அவன் விட்ட இடங்களை முத்துவீரன் பார்த்துப் பார்த்து நிரப்பினான். இரண்டு கித்தாரும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டன. சனம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. சுந்தரம்மா முந்தானையை வாயில் பொத்தியபடி கோயில் படியில் சாய்ந்துகொண்டாள்.

நடுவில் மர்சூக் தன் வாசிப்பை நிறுத்தினான். ஆம்ப்ளிபயரிடம் போய்க் குனிந்து காது கொடுத்துக் கேட்டான். ஒரு திருகைக் கொஞ்சம் கூட்டினான், இன்னொன்றைக் குறைத்தான். நல்லையாவின் சத்தம் சற்றே கனத்து, கொஞ்சம் தூரம் போய் நின்றது. மர்சூக் நிமிர்ந்து அவனைப் பார்க்காமலே தன் இடத்துக்குத் திரும்பினான்.

வியாழக்கிழமை காலையில் உக்குவளை ஸ்டேஷனில் தோட்டமே திரண்டு நின்றது. தண்டவாளத்தில் கோச்சி வந்ததும் ஒப்பாரி எழுந்தது. ஏறுகிறவர்களும் அழுதார்கள், ஏற்றுகிறவர்களும் அழுதார்கள். முத்துவீரன் பெட்டிகளையெல்லாம் ஏற்றிவிட்டு, பெட்சீட்டில் சுற்றிய கித்தாரை மட்டும் கையிலிருந்து விடாமல் ஜன்னலோரம் உட்கார்ந்தான். நல்லையா ஜன்னலுக்குள் கையை நீட்டினான், தழும்புள்ள கைதான். முத்துவீரன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கோச்சி நகர்ந்தது. கொஞ்ச தூரம் நல்லையா கூடவே நடந்தான், பிறகு கை தானாக விடுபட்டது.

சனம் கலைந்து போகும்வரை அவன் பிளாட்பாரத்திலேயே நின்றான். பின்னால் மர்சூக் வந்து நின்றது தெரிந்தது. இரண்டு பேரும் கண்டி ரோட்டுக்கு இறங்கினார்கள். பஸ் நிற்கிற ஹோல்டுக்கு வந்ததும் மர்சூக்தான் பேச்சை எடுத்தான்.

"வாற ஞாயித்துக்கெழம டவுன்ல ஒரு கல்யாண வீடு இருக்கு."

"ம்."

"ரிதம் யாரு?"

நல்லையா தண்டவாளப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"ரிதத்த நான் வாசிக்கிறேன்" என்றான். "நீ முன்னுக்கு நில்லு."

மாத்தளை பஸ் தூரத்தில் வளைவில் தெரிந்தது.

"ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிப்பம்" என்று சொல்லிவிட்டு மர்சூக் கையைக் காட்டிப் பஸ்ஸை நிறுத்தினான்.