வலிக்குப் பேரம்

காதர்பேட்டை பனியன் கடையில் வளர்ந்தவன் நான். அங்கே முதலில் சொல்லும் எண்ணை யாரும் நம்புவதில்லை. நூற்றிருபது என்றால் தொண்ணூறு, அவ்வளவுதான். இந்தப் பழக்கம் ஒருவர் காலில் போய் விடியும் என்று நான் நினைக்கவில்லை.

நல்லூரில் என் யூனிட்டில் இப்போது செயற்கைக் கால் போட்டவர்களுக்கு உறை பின்னுகிறோம். மிச்சக் காலுக்கும் செயற்கைக் காலுக்கும் நடுவே போடுவது. நூலோடு நூலாக சென்சார் ஓடும்; அழுத்தத்தையும் சூட்டையும் போனுக்கு அனுப்பும். மணிக்கொரு தரம், வலி பத்துக்கு எவ்வளவு என்று போட்டிருப்பவரைக் கேட்டுப் பதிய வேண்டும். எந்த அழுத்தம் எவ்வளவு வலிக்கும் என்று மூன்று வாரத்தில் மெஷினே கற்றுக்கொள்ளும். பிறகு புண்ணாகும் முன்பே போன் கத்தும். கோயம்புத்தூர் இன்ஜினியர் தரணீதரனின் ஏற்பாடு.

போட்டுப் பார்க்க, எங்கள் யூனிட்டில் துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிள் ராக்கையா. உசிலம்பட்டிக்காரர், பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே இழந்தவர். கேட்டுப் பதிகிறவன் நான்.

"ஏனுங்க ராக்கையா, எவ்வளவுங்க?"

"எட்டு மொதலாளி."

"எட்டுன்னா அழுவோணுமுங்க. நீங்க சிரிச்சுட்டு நிக்கறீங்க. ஆறு போடட்டுங்களா?"

"போட்டுக்கங்க."

சில நாள் ஐந்துக்கே முடித்திருக்கிறேன். அதில் பெருமை வேறு.

நாலாவது வாரம் கேட்பதை நிறுத்தி மெஷினை நம்பிவிட்டோம். போன் கத்தவே இல்லை. வெள்ளிக்கிழமை ராக்கையா செயற்கைக் காலைக் கழற்றினார். உறை ரத்தத்தில் நனைந்திருந்தது. சீழ் எலும்புக்கு இறங்கினால் முழங்காலையும் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"வலிக்கலீங்களா?"

"வலிச்சுச்சு மொதலாளி. போனு கத்தலையே, நம்ம ஒடம்புதேன் பொய் சொல்லுதுன்னு நின்னுட்டேன்."

தரணீதரன் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே லேப்டாப்பைத் திறந்தார். "சென்சார் சரிதானுங்ணா. இவரு வலியைக் கம்மியாச் சொல்லியிருக்காரு, மெஷினும் அப்படியே படிச்சிருச்சு."

ராக்கையா என்னைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "ஆமா தம்பி. நாந்தேன் கொறச்சுச் சொல்லிப்புட்டேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். டீ சொல்லப் போகிறவன் போல எழுந்து வாசல் வரை போகவும் செய்தேன். பிறகு திரும்பி வந்தேன்.

"அவரு சொன்னது எட்டுங்க. நான்தான் பேசி ஆறாக்குனேன்."

"வலிக்கு எதுக்குங்ணா பேரம்?" என்றார் தரணீதரன். மூன்று வாரப் பதிவையும் அழித்தார்.

முழங்கால் தப்பியது. இரண்டு மாதம் கழித்து ராக்கையா கால் மாட்டி வந்தார்; முதலிலிருந்து பதிய ஆரம்பித்தோம்.

"எவ்வளவுங்க?"

"ஏழு."

ஏழு என்றே அழுத்தினேன். எட்டிப் பார்த்தார்.

"கொறைக்கலையா?"

"இல்லீங்க."

தலையைச் சொறிந்தார். "அப்ப நாலுன்னு போடுங்க மொதலாளி. எப்பிடியும் கொறைப்பீகன்னு ஏத்திச் சொல்லிப்புட்டேன்."

போனை அவர் கையில் கொடுத்தேன்.

"இனி நீங்களே போடுங்க. என்கிட்டச் சொல்லவே வேண்டாங்க."