விளக்குக்காரி

பங்குனி மாதத்து மத்தியானத்தில் செஞ்சி கடைத்தெருவில் ஈ காக்கா இருக்காது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு நாலு மணிக்கு மேல்தான் கடைக்காரர்கள் திரும்ப வருவார்கள். கோதண்டராமனின் ஹார்டுவேர் கடையிலும் அதே பழக்கம்தான். கடைக்குப் பின்னாலேயே வீடு. அப்பாவும் மகனும் வந்து உட்கார்ந்தால் இலை போட்டு ரெடியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரியவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

அன்றைக்கு அவர் நல்ல குஷியில் இருந்தார்.

"நாளைக்கு ஜேசிபி வருதுடா விக்ரமா. நம்ம வல்லத்து கொல்லிய மட்டம் பண்ணிடுவோம். கல்லக்கா புடுங்கியாச்சி. இனிமே அதுல பயிரு வெச்சி இன்னா ஆவப்போவுது? கல்லு நட்டு பிளாட்டு போட்டுடலாம். அந்தப் பனமரத்தையும் சேத்துத் தள்ளச் சொல்லிட்டேன்."

விக்ரமன் சோற்றைப் பிசைந்துகொண்டே "ம்" என்றான்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மருமகள் தமிழ்மொழியின் கை அப்படியே நின்றுபோனது. ரசம் இலையைத் தாண்டி ஓடியது. "பாத்து ஊத்தும்மா" என்றார் கோதண்டராமன். அவளுக்கு அது காதில் விழவில்லை. அந்தப் பனைமரத்தடியில்தான் அவள் பெற்ற பிள்ளை இருக்கிறது.

போன ஐப்பசியில் நடந்தது அது. ஒன்பதாம் மாதம், வயிற்றுக்குள்ளேயே துடிப்பு நின்றுபோய், ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. அவளுக்கு மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. தொட்டுப் பார்க்கவில்லை, மோந்து பார்க்கவில்லை. கேட்டதற்கு மாமியார் மீனம்பாள் ஒரே போடாகப் போட்டுவிட்டாள். "பேர் வெக்காத புள்ளைக்குக் காரியமும் கெடையாது, ஒப்பாரியும் கெடையாது. பொதச்ச எடத்தப் பெத்தவகிட்ட சொல்லவும் கூடாது. சொன்னா அடுத்தது தங்காது." இந்தச் சட்டத்தையெல்லாம் யார்தான் போட்டு வைத்தார்களோ! போட்டவன் பத்து மாதம் சுமந்திருக்க மாட்டான், அது மட்டும் நிச்சயம்.

தமிழ்மொழி விடவில்லை. புருஷனைப் போட்டு நச்சரித்தாள். எங்கே, எங்கே, எங்கே. தை மாதம் ஒரு நாள் அவன் தாங்க முடியாமல் சொன்னான். "நம்ம வல்லத்து கொல்லியிலதான். பனமரத்தாண்ட. நைனாவுக்குக்கூடத் தெரியாது. யாராண்டயும் மூச்சு விடாத."

அவள் மூச்சு விடவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்கியது. கடலை பிடுங்கும்போது ஆட்களுக்கு மோர் கொண்டுபோகிற சாக்கில் வல்லத்து நிலத்துக்குப் போனாள். அந்த மரத்தடியில் ஒரு டம்ளர் மோரை ஊற்றினாள். வேலை செய்த பெண்கள், மருமகப் பொண்ணு கை தவறிக் கொட்டிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்தால் நினைக்கட்டும். ஊரில் ஆயிரம் பேருக்கு ஆயிரம் சாமி, அவளுக்கு அந்த ஒரு மரம்.

அந்த மரத்தைத்தான் நாளைக்குத் தள்ளப் போகிறார்கள். மரம் போனால்கூடப் பரவாயில்லை. மண்ணைக் கிளறுவார்களே! ஜேசிபியின் பல்லில் என்னென்ன மாட்டுமோ!

சாப்பிட்டு முடித்ததும் விக்ரமன் மாடி அறைக்குப் போய் டிவியைப் போட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் கேம்தான். பாத்திரத்தை ஒதுக்கிப் போட்டுவிட்டு அவளும் ஏறினாள்.

அந்தக் கேம் பெட்டி வந்ததே அவளுக்காகத்தான். ஆறாம் மாதத்தில் டாக்டர் எழுந்து நடமாடக் கூடாது என்று சொல்லிவிட, பாண்டிச்சேரி சிநேகிதன் ஒருவன் வைத்திருந்த பழைய கன்சோலை விக்ரமன் வாங்கி வந்தான். கூடவே ஒரு சண்டைக் கேம். மந்திரவாதிகளும் பூதங்களும் எலும்புப் படைகளும் வாழ்கிற ஏதோ ஒரு நாட்டில் நமக்கென்று ஒரு கோட்டை. ஆட்களை வைத்து மரம் வெட்ட வேண்டும், வயல் பார்க்க வேண்டும், மதில் கட்ட வேண்டும். நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரி வந்துகொண்டிருப்பான், நமக்காக ஒரு நிமிஷம் நிற்க மாட்டான். "வாசல்ல நின்னு பாத்தா மலை மேல நெஜக் கோட்டையே இருக்குது, இது எதுக்கு?" என்று முதலில் கிண்டல் செய்தவள், ஒரே வாரத்தில் அவனைவிடக் கெட்டிக்காரியாகிவிட்டாள். ஆளுக்கொரு கன்ட்ரோலர், ஒரே படை. சண்டை அவன் பொறுப்பு. கோட்டையும் வயலும் வாசலும் அவள் பொறுப்பு. கீழே மாமியார் முன்னால் "ஏங்க, என்னங்க" என்று பேசுகிறவள், மேலே வந்தால் "யோவ், ஆளுங்கள பின்னாடி இழுய்யா" என்று கத்துவாள். அவனும் சிரிப்பான். வயிற்றுக்குள் இருந்ததும் கூடச் சேர்ந்து உதைக்கும்.

ஐப்பசிக்குப் பிறகு சிரிப்பு போய்விட்டது. கேம் மட்டும் மிச்சம். வெளியே பேச முடியாத இரண்டு பேர், பூதங்கள் வரும்போது மட்டும் ஒருத்தரையொருத்தர் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

"யோவ். நாளைக்கு ஜேசிபி வருதாம்."

"கேட்டேன்."

"மாமாகிட்ட சொல்லு."

"இன்னான்னு சொல்றது?"

"இன்னான்னா? பனமரத்தாண்ட மட்டும் கை வெக்காதீங்கன்னு சொல்லு. சாமி மரம்னு சொல்லு, கனவு வந்துச்சின்னு சொல்லு, எதையாச்சும் சொல்லு. உனக்கு வாயில்லயா?"

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. "மொதல்ல இந்த மேப்ப முடிச்சிடலாம். அப்பால பேசிக்கலாம்" என்று அவளுடைய கன்ட்ரோலரை நீட்டினான்.

அடிக்கலாமா என்று இருந்தது அவளுக்கு. ஆனால் வாங்கிக்கொண்டாள். விளையாடும்போது அவன் கொஞ்சம் இளகுவான், நடுவில் கேட்டால் சரி என்று சொல்லிவிடுவான் என்று ஒரு நப்பாசை.

மேப் என்றால் ஒரு சண்டைக்களம். அன்றைக்கு வந்தது பனிக்காட்டு மேப். மூன்று பக்கமும் எலும்புப் படை. தமிழ்மொழி வயலில் ஆட்களை இறக்கினாள், மதிலில் இருந்த ஓட்டையை அடைத்தாள். கடைசியில், எப்போதும் செய்கிற மாதிரி, விளக்குக்காரியைக் கொண்டுபோய் உள்வாசலில் நிறுத்தினாள்.

விளக்குக்காரி என்பவள் ஒரு சின்னப் பெண். கையில் லாந்தர். கத்தி கிடையாது, வில் கிடையாது, ஒரு அடிக்குத் தாங்க மாட்டாள். அவள் நிற்கிற இடத்தைச் சுற்றி மட்டும் இருட்டு விலகும், அடிபட்டு வருகிறவர்களுக்குக் கொஞ்சம் உயிர் ஏறும். அவ்வளவுதான் அவள் வேலை. அந்தக் கேமில் நம் ஆட்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். செத்துப் போகாமல் காப்பாற்றினால் அடுத்த மேப்புக்கும் கூடவே வருவார்கள். செத்தால் செத்ததுதான், மறுபடி வர மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில நாளிலேயே தமிழ்மொழி அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். விக்ரமனுக்குத் தெரியாது. அவள் மேல் கர்சரைக் கொண்டுபோனால்தான் பெயர் தெரியும், வாசல் பக்கம் அவன் வருவதே இல்லை. "விளக்குக்காரிய நீ தொடாத" என்று சொல்லி வைத்திருந்தாள், அவனும் தொட்டதில்லை. எத்தனையோ கோட்டை விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அவளை மட்டும் எப்படியாவது பின்வாசல் வழியாகத் தப்பிக்க வைத்துவிடுவாள்.

"யோவ், மாமா நாலு மணிக்கு கெளம்பிடுவாரு. இப்பவே போய் சொல்லிட்டு வந்துடேன்."

"சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன்னு சொல்றேன்ல? டென்ஷன் பண்ணாத, மொழி!"

"அங்க இருக்கறது நம்ம பொண்ணுய்யா! உனக்கு அந்த நெனப்பாச்சும் இருக்குதா?"

அவன் முகம் கறுத்துப்போனது. எலும்புப் படை மதிலடிக்கு வந்துவிட்டிருந்தது. கம்ப்யூட்டர் என்றால் மவுஸை வைத்து யார் வேண்டுமோ அவர்களை மட்டும் வளைத்துப் பிடிக்கலாம். கன்சோலில் அதற்குப் பொறுமை வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கென்று கன்ட்ரோலரின் மேல்பக்கம் ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தால் திரையில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே மூச்சில் கிளம்பிவிடுவார்கள். விக்ரமன் அதை அழுத்தினான். பேச்சு நின்றால் போதும் என்று அழுத்தினான்.

வில்லாளிகள் ஓடினார்கள். ஈட்டிக்காரர்கள் ஓடினார்கள். லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னப் பெண்ணும் அவர்கள் பின்னால் ஓடினாள்.

"ஐயோ, அவள இழு! யோவ், அவள இழுய்யா!"

அவனுக்குப் புரியவில்லை. "யார?" என்றான். அதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். தமிழ்மொழி எந்த பட்டனை அழுத்துவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழுத்தினாள். லாந்தர் கீழே விழுந்தது. கேமின் வழக்கப்படி திரை நடுவில், ஆங்கில எழுத்தில், விழுந்தவளின் பெயர் வந்தது.

மணிமொழி.

விக்ரமன் அதைப் படித்தான். இன்னொரு தடவை படித்தான். கன்ட்ரோலர் மடியில் நழுவி விழுந்தது. திரையில் சண்டை தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

"யாரு வெச்ச பேரு இது?"

"நான்தான்."

"எப்போ?"

"வந்த ஒடனே. யாரும் வெக்கல. பேர் வெக்காத புள்ளைக்கு ஒண்ணும் கெடையாதுன்னாங்க. அதான் வெச்சேன்."

அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அழுகிறானா என்று அவள் பார்த்தாள். அழுதால் நல்லது, இப்போதாவது கீழே போய் அப்பாவிடம் பேசுவான் என்று நினைத்தாள். பாவம், அதைத்தான் நினைத்தாள்.

"மொழி. பனமரத்தாண்ட ஒண்ணும் இல்ல."

"இன்னா சொல்ற?"

"அங்க கொண்டாரவே இல்ல. நீ சாப்புடாம கெடந்த. கேட்டுக்கினே இருந்த. அதான் வாயில வந்தத சொல்லிட்டேன்."

அவளுக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. சரி, வேறு இடம், அவ்வளவுதானே என்றுதான் முதலில் தோன்றியது. ஆற்றங்கரையாக இருக்கும். சுடுகாட்டு ஓரமாக இருக்கும். எங்கே இருந்தால் என்ன, ஜேசிபி அங்கே வராது.

"அப்போ எங்க?"

அவன் மடியில் கிடந்த கன்ட்ரோலரை எடுத்துத் தள்ளி வைத்தான்.

"எங்கய்யா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு ஆளு நின்னான். நாங்க பாத்துக்கறோம் சார், நீங்க போங்கன்னான். மழ ஊத்துது. குடுத்துட்டேன். எதிர டீக்கடையில போய் ஒக்காந்துட்டேன். திரும்பிப் பாத்தா அவன் இல்ல."

"யாரு அவன்? பேரு இன்னா?"

"கேக்கல."

"அப்பால போய்ப் பாக்கலாம்ல?"

"ஒரு வாட்டி போனேன். அப்பிடி ஆளே யாரும் இல்லன்னுட்டாங்க." அவனுக்குக் குரல் உடைந்தது. "நான் பயந்துட்டேன், மொழி. அவ்ளோதான். பயந்துட்டேன்."

அவள் அவனையே பார்த்தாள். கோழை, படுபாவி, பிள்ளையைக் கண்டவன் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனவன். இதெல்லாம் தொண்டை வரை வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு கேள்வி. இத்தனை மாதமும், பயந்து பயந்து, அவள் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

"மொகமாச்சும் பாத்தியா?"

அவன் தலையை ஆட்டினான். இல்லை.

"துணி சுத்திக் குடுத்தாங்க. நான் பிரிக்கல."

அப்படியானால் யாருமே பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை. மூக்கு யார் மாதிரி, நெற்றி யார் மாதிரி என்று சொல்ல இந்த உலகத்தில் வீட்டு மனுஷர் ஒருத்தரும் இல்லை. கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் கீழே கேட்கும், என்ன என்று கேட்பார்கள், என்னவென்று சொல்வது?

கீழிருந்து கோதண்டராமன் குரல் கொடுத்தார். "டேய் விக்ரமா! நாலு ஆவுது, கடை தொறக்க வாணாமா?"

விக்ரமன் எழுந்திருக்கவில்லை. அவள்தான் எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். மாமனார் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சாவிக்கொத்தோடு கூடத்தில் நின்றிருந்தார்.

"அவருக்குத் தலவலி மாமா. நீங்க போங்க, பின்னாடி வருவாரு."

"எப்பப் பாரு அந்த டிவிய மொறச்சிக்கினே இருந்தா தலவலி வராம இன்னா பண்ணும்?"

"மாமா, நாளைக்கு ஜேசிபி வருதுன்னீங்களே."

"ஆமாம்மா. ஏன்?"

"ஒண்ணும் இல்ல. அந்தப் பனமரத்த விட்டுடப் போறாங்க. அதையும் சேத்தே தள்ளிடச் சொல்லுங்க. அங்க ஒண்ணும் இல்ல."

கோதண்டராமன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மருமகள் நிலத்து விஷயத்தில் அக்கறை காட்டுவது அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

"பனமரத்தாண்ட இன்னாம்மா இருக்கப்போவுது? ரெண்டு ஓணான் இருந்தா உண்டு" என்று சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார்.

பெரியவர் சிரிக்கிறாரே என்று அவளும் சிரித்தாள்.