தூங்குகிற மனைவிக்கு ஒரு முகம்

தூங்கினேன் என்றே நினைத்துக்கொள்ளட்டும். விழித்திருந்தேன் என்றால், ஏன் அவர் காலைப் பிடித்துத் தடுக்கவில்லை என்று கேட்பார்கள்.

மாமனாரின் சிற்பப் பட்டறையில், பலகைமேல் ஒருக்களித்துப் படுத்தபடி அவள் இதைத்தான் நினைத்தாள். எதிரே, புடைப்புச் சிற்பத்தில் புத்தர் பிறந்தாயிற்று. அடுத்த கட்டத்தில் அரண்மனையை விட்டுப் போகிறார். மனைவி விழித்துவிடக் கூடாதென்று தேவர்கள் குதிரையின் குளம்புகளை உள்ளங்கையில் தாங்கியிருக்கிறார்கள். அந்த மனைவிக்குத்தான் இன்னும் முகமில்லை. மாமனார் எந்த முகத்தையும் ஆளைப் பார்த்துக் களிமண்ணில் பிடித்த பிறகே கல்லில் உளி வைப்பார்.

"வேற யாரும் கிடைக்கலையா மாமா?"

"உங்களை விட்டா யாரு அண்ணி?" என்றாள் நாத்தனார். "எங்கண்ணன் பெட்டியை இழுத்துக்கிட்டுப் போனப்பகூட நீங்க புரண்டு படுக்கலையே!"

மாமியார் வாய்விட்டுச் சிரித்தாள். "புத்தருக்கு ஞானம் கிடைச்சுது. என் பிள்ளைக்கு இவகிட்ட இருந்து விடுதலை கிடைச்சுது. எது பெருசுன்னு நீயே சொல்லு."

அவளும் சிரித்துவைத்தாள். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும்.

கணவன் போன இரவில் அவள் வீட்டுக் கதவை யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை. கீல் கிறீச்சிட்டது. பெட்டியின் சக்கரம் வாசற்படியில் இடித்தது. அவன் திரும்பிப் பார்த்தபோது அவள்தான் இமைகளை மூடிக்கொண்டாள். கூப்பிட்டிருந்தால் கையை உதறிவிட்டுப் போயிருப்பான். அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. பக்கத்தில் மகள் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"உதட்டோரம் லேசா சிரிப்பு இருக்கணும்மா," மாமனார் களிமண்ணைக் குழைத்தார். அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் அதிகம் வலித்தது. "ஒண்ணும் தெரியாத பொண்ணோட முகம். காலத்துக்கும் நிக்கப்போகுது."

"நிக்கட்டும்ப்பா," என்றாள் நாத்தனார். "இவங்க பொண்ணு பெரியவளானா கூட்டிட்டு வந்து காட்டலாம். உங்கப்பா போனப்ப உங்கம்மா எப்படித் தூங்கினாங்க பாருன்னு."

சிரிக்க வேண்டிய இடம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கண்ணை மூடும்மா."

அவள் மூடவில்லை.

"மூடு. வெளிச்சம் போயிடும்."

"என்னடி திமிரு?" மாமியார் எழுந்து வந்தாள். "சோறு போடுற வீட்டுல சொன்னதைச் செய்யணும். இல்லைன்னா மூட்டையைக் கட்டு!"

அவள் தலையைத் திருப்பி மாமனாரை நேராகப் பார்த்தாள்.

"மூட முடியாது மாமா," என்றாள், குரலை உயர்த்தாமல். "வேணும்னா இப்படியே பிடிங்க."