ரோரி மகன் லாக்கியின் சாம்பல்

லாக்கி மெக்கின்னன் கண்ணை மூடியது பனி உருகாத ஒரு மார்ச் மாதத்தில். கனடாவின் கேப் பிரட்டன் தீவின் மேற்குக் கரையில் அதே பெயரில் இன்னும் நாலைந்து பேர் இருந்ததால், ஊர் அவனை ரோரி மகன் லாக்கி என்றுதான் சொல்லும். குளிர்காலம் முழுக்கச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவான். கோடை வந்தால் குலச் சங்கத்துக்குத் தலைவன். ஆகஸ்டில் குலங்கள் கூடும் விழாவில், கட்டம் போட்ட கில்ட் பாவாடை கட்டிக்கொண்டு மெக்கின்னன் கொடியைத் தூக்கி முன்னால் நடப்பது அவன்தான். ஆட்டுக்கு மேய்ச்சல் நிலம் வேண்டுமென்று தன் முப்பாட்டன் குடும்பத்தை ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுப் பள்ளத்தாக்கு ஒன்றிலிருந்து ஜமீன்தார்கள் துரத்தியடித்த கதையை எடுத்தான் என்றால், நேற்று நடந்ததுபோலக் கொதிப்பான். அந்த மண்ணை அவன் ஒருதரம்கூட மிதித்ததில்லை.

ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே மனைவி இஷ்பெலிடம் சொன்னான்: "என்னை எரிச்சு அந்தப் பள்ளத்தாக்குல கொண்டுபோய் விட்டுடு. துரத்தினாங்கல்ல, ஒருத்தனாவது திரும்பிப் போவோம்."

"சரி" என்றாள் இஷ்பெல். விமானம் ஏறியறியாதவள் அவள். பக்கத்துத் தீவுக்குப் படகில் போனாலே தலை சுற்றிப் படுத்துவிடுவாள்.

இறுதிப் பூசை முடிந்து, மாதா கோயில் கூடத்தில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, லாக்கியின் தங்கை முர்டீனா அவளை அடுப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

"நிசமாவே கொண்டுபோகப் போறியாடி?"

"வாக்குக் குடுத்துட்டேன்."

"இங்க அம்மா அப்பா பக்கத்துல இடம் கெடக்கு. அங்க அவனுக்கு யாரு இருக்கா? ஆடுதான் இருக்கு."

"அவன் கேட்டது அதைத்தான்."

"கப்பல்ல ஏறினாலே வாந்தி எடுப்ப. நீயாவது போறதாவது" என்று சொல்லிவிட்டு முர்டீனா கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள்.

இஷ்பெல் ஜூனில் கிளம்பினாள். தூரத்து ஆல்பர்ட்டா மாகாணத்தில் எண்ணெய் வேலையில் இருந்த மகனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை, தனியாகத்தான் போனாள். விமானத்தில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே அந்தப் பெருங்கடலைத் தாண்டினாள்.

பள்ளத்தாக்கை ஒட்டிய ஊரில் ஒரு கடை இருந்தது. மெக்கின்னன்கள் யாராவது இங்கே உண்டா என்று விசாரித்தாள். கடைக்காரன் தெற்கே இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவன். "நான் வந்ததிலேருந்து யாரும் இல்லீங்க. வருசா வருசம் வெளிநாட்லேருந்துதான் வந்து கேக்குறாங்க. கனடா, ஆஸ்திரேலியான்னு." அவள் கையிலிருந்த பையைப் பார்த்ததும் அவன் குரல் தணிந்தது. "சாம்பலா? ஓடைக்குக் கிட்ட வேண்டாம் அம்மா. கீழ விடுதிக்காரங்க அதைத்தான் குடிக்கிறாங்க."

மேலே நடந்தாள். இடுப்பளவு கற்சுவர்கள் நாலைந்து, உள்ளே காஞ்சொறி மண்டிக் கிடந்தது. எந்த வீடு ரோரியின் முன்னோருடையது என்று சொல்ல ஆளில்லை. ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடுப்பு இருந்திருக்கும் என்று தோன்றிய மூலையில் கொட்டினாள். காற்று பாதியை அவள் கோட்டின் மேலேயே திருப்பி வீசியது. ஆடுகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கின.

ஊரில் செய்திருந்தால் கரை முழுக்கத் திரண்டு வந்திருக்கும். பேக்பைப் குழல் வாசிப்பவன் நின்றிருப்பான். லாக்கியின் பொய்களைச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். இங்கே அவள் ஒருத்தி. ஜெபத்தைத் தொடங்கினாள், பதில் சொல்ல ஆளில்லாததால் அதையும் அவளே சொன்னாள். மழை பிடித்துக்கொண்டதும் கீழே இறங்கினாள். கோட்டை உதற மனம் வரவில்லை. மழையே கழுவிவிட்டது.

ஆகஸ்ட் விழாவுக்குப் போனாள். லாக்கியின் கொடியை அவன் சித்தப்பா மகன் தூக்கிக்கொண்டு போனான். தெரிந்தவர்கள் கைகொடுத்தார்கள், நலம் கேட்டார்கள்; லாக்கி பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. தங்கள் கையால் வழியனுப்பியிருக்க வேண்டியவனை இவள் எங்கேயோ தொலைத்துவிட்டு வந்துவிட்டாள் என்ற மனத்தாங்கல் அவர்களுக்கு. முர்டீனா கூடாரத்தின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தாள், திரும்பியே பார்க்கவில்லை.

மறுநாள் யாரோ சொன்னதை வைத்துத்தான் இஷ்பெல் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். லாக்கியின் அம்மா அப்பா கல்லுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கல் நின்றது. அதில் அவனுடைய முழுப் பெயர்: லாக்லன் மெக்கின்னன், ரோரியின் மகன். பெயருக்குக் கீழே எழுத வெற்றிடம். முர்டீனா மண்டியிட்டுப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னைக் கேக்காமலா நட்டே?"

"கேட்டா விட்டிருப்பியா?"

"உள்ள ஒண்ணுமே இல்லையே முர்டீனா."

"தெரியும். எனக்கு வந்து நிக்க ஒரு எடம் வேணும்." அவள் எழுந்திருக்கவில்லை. "ஒரு பிடியாவது வச்சிருக்கியா?"

"இல்ல. முழுசாத்தான் கேட்டான்."

முர்டீனா பிடுங்கிய புல்லைக் கையிலேயே வைத்திருந்தாள். "கடைசி வாரம் எங்கிட்ட சொன்னான்டி. 'இஷ்பெல் பயந்தவ, அவ்வளவு தூரம் போகமாட்டா. அவ தயங்கினா வற்புறுத்தாத, அம்மா பக்கத்துலயே போட்டுரு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்'னான்."

இஷ்பெல் மாமியார் கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீ போவேன்னு யாரு கண்டா? தானா தயங்கி நிப்ப, அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். திடுதிப்புனு ஏறிப் போயிட்ட." முர்டீனா கையிலிருந்த புல்லைக் கீழே போட்டாள். "போனப்புறம் சொல்ல வாய் வரல."

இஷ்பெல் அவளைத் திட்டவில்லை. பயந்தவள் என்றானே, அதுதான் குத்தியது. அந்தப் பயத்தை விழுங்கிக்கொண்டு போனதை அவன் பார்க்கவில்லையே என்பது அதைவிட. முர்டீனாவுக்குக் கைகொடுத்து எழுப்பிவிட்டாள். இரண்டு பேரும் ஒரே காரில் வீடு திரும்பினார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் மகன் ஊருக்கு வந்தபோது, தான் போனபின் தன்னை எங்கே வைக்க வேண்டும் என்ற பேச்சை எடுத்தாள்.

"அப்பாகிட்டயே கொண்டுபோய் விட்டுடட்டுமாம்மா?" என்றான்.

"வேண்டாம்ப்பா. அங்க எனக்கு யாரையும் தெரியாது" என்றாள். "அந்தக் கல்லுக்குக் கீழயே வச்சு, அப்பா பேருக்குக் கீழ என் பேரையும் எழுதிரு. முர்டீனாவாவது வந்து நிப்பா."